‘இது எனக்கு வராது’: 44 வயதில் ஸ்கூட்டர் கற்ற ஒரு சுகாதாரத் தன்னார்வலர் – நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் 2023-ல் நடந்தது இது. கிராமத்துப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் சிறு குழுவிடம் வந்த ஒருவர், புதிதாக ஒன்றைக் கற்பதில் இருந்த பயத்தையும் தன் மேலேயே இருந்த அவநம்பிக்கையையும் எப்படிக் கடந்தார் என்பதை, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் அடையாளம் காட்டக்கூடிய சில குடும்ப விவரங்களும் விடப்பட்டிருக்கின்றன. பயிற்சி நடக்கும் திடலில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சொல்லிக்கொடுக்கிறவர்கள் வழக்கமாக முதலில் சொல்வது “பயப்படாதீங்க” என்பதைத்தான். இந்த நிகழ்வில் அதைச் சொல்லாமல் விட்டு, பயம் எதன் மேல் என்று கேட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. வண்டி என்றில்லை, கணினி, தையல் இயந்திரம், வங்கி வேலை என்று எதைச் சொல்லிக்கொடுப்பவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

பின்னணி

அக்கா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் பல வருடங்களாக உறுப்பினர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. அதற்கான தன்னார்வலர்களைச் சுயஉதவிக் குழுப் பெண்களிலிருந்து எடுத்தபோது இவரும் சேர்ந்தார். வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும்.

தாய்க்கிராமமும் அதைச் சுற்றிய சில குக்கிராமங்களும் அவருடைய பகுதி. கடைசிக் குக்கிராமம் சுமார் ஐந்து கிலோமீட்டர். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து கட்டணம் இல்லைதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கே இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரை வழியாக நடக்க வேண்டும். ஒரு நடைக்கு அரை நாள் ஓடிவிடும். கத்திரி வெயிலில் அந்தக் கரையில் நடந்தவர்களுக்கு அந்த அரை நாள் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அவருடைய கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். 2022-ல் விடுமுறைக்கு வந்தபோது மனைவிக்காக ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஏறக்குறைய ஒரு வருடம் தாழ்வாரத்தில், பழைய போர்வை போர்த்தி நின்றது. நாங்கள் முதன்முதலில் அதைப் பார்த்தபோது பேட்டரி செத்துப்போயிருந்தது, டயரில் காற்று இல்லை.

அக்காவுக்குச் சைக்கிளும் ஓட்டத் தெரியாது. சிறுமியாக இருந்தபோது பெரியவர்கள் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முள்வேலிக்குள் போய் விழுந்திருக்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா வந்து தூக்கிவிட்டு, “விடு, இதெல்லாம் உனக்கு வராது” என்றாராம். கடிந்து சொன்னதில்லை, மகளைத் தேற்றுவதற்காகச் சொன்னதுதான். ஆனால் முப்பது வருடம் கழித்தும் அக்கா அதே சொற்களைத்தான் எங்களிடம் சொன்னார்.

வீட்டில் நடந்த முதல் முயற்சி

எங்களிடம் வருவதற்கு முன்பே வீட்டில் ஒரு முயற்சி நடந்திருந்தது. ப்ளஸ் டூ படிக்கும் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வண்டியில் உட்கார வைத்து, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, “ஆக்சிலேட்டரைத் திருகும்மா” என்றிருக்கிறான். வண்டி கிளம்பியது. வேகம் கூடியதும் பையன் பதறி, “பிரேக்கைப் புடிம்மா, பிரேக்கைப் புடி!” என்று கத்தினான். அக்கா கையை இறுக்கினார். வண்டி நிற்கவில்லை, பாய்ந்தது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் மோதி நின்றது. ஹெட்லைட் கண்ணாடி போனதோடு சரி, யாருக்கும் அடி இல்லை.

ஸ்கூட்டர் கற்கிறவர்கள் நிறையப் பேருக்கு நேர்வது இது. பயந்தால் உடம்பு பின்னால் சாயும். கை, பிடியை இறுக்கும். வலது மணிக்கட்டு கீழே இறங்கி ஆக்சிலேட்டர் தானாகத் திருகிக்கொள்ளும். வண்டி பாயும், உடம்பு இன்னும் பின்னால் சாயும், கை இன்னும் திருகும். இதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அன்று இரவு வீடியோ காலில் கணவர், “உனக்கு எதுக்கு ரிஸ்க்கு, பாத்துக்கலாம் விடு” என்றார். மாட்டுக்கொட்டகைச் சுவர் அக்காவுக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது.

திடலில் நாங்கள் கண்டது

ஒரு சுயஉதவிக் குழுத் தோழி கையைப் பிடித்து இழுத்து வந்ததால்தான் அக்கா திடலுக்கு வந்தார். முதல் சில நாள்கள் அவர் வண்டியைத் தொடவே இல்லை. அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. மற்றவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டார், பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார், யாராவது விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்கினார். கேட்டால், “அவங்க ஓட்டட்டும், எனக்கு அவசரமில்ல” என்பார்.

இப்படிப்பட்டவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். விலகி ஓடுகிறவர்களின் பயம் வெளியே தெரிந்துவிடும். கூடவே நின்று உதவி செய்கிறவர்களின் பயம் தெரியாது. எல்லோருக்கும் அவரைப் பிடித்திருக்கும், அதனால் யாரும் அவரை வண்டியில் ஏறச் சொல்ல மாட்டார்கள்.

ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மட்டும் வரச் சொன்னோம். ஹேண்டிலைப் பிடிப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் சேலையில் துடைத்தார். பிடித்த பிறகு விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. கண் முன்சக்கரத்தைவிட்டு நகரவில்லை. பத்தடி தள்ளிவிட்டு, “பாத்தீங்களா, எனக்கு வரல” என்றார். வண்டி நேராகத்தான் வந்திருந்தது.

பயத்தைப் பிரித்துப் பார்த்தது

அன்று பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசினோம். “பயமா இருக்கா?” என்று கேட்கவில்லை. “வண்டி ஓட்டுனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்கக்கா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்று கேட்டோம். சொன்ன ஒவ்வொன்றுக்கும் 0-லிருந்து 100-க்குள் ஒரு எண் போடச் சொன்னோம். இந்த எண் முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே பதட்டத்தை அளக்க உருவாக்கியது, இன்றும் பயத்துக்கான சிகிச்சைகளில் புழங்குவது.

கீழே விழுந்துவிடுவேன் என்பதற்கு அவர் போட்டது 30. எங்களுக்கு ஆச்சரியம்தான், அதுதான் முதலிடத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தோம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்பதற்கு 70. யாரையாவது, அதிலும் ஒரு குழந்தையை, இடித்துவிடுவேன் என்பதற்கு 95. “நான் விழுந்தா எந்திரிச்சுக்குவேன். ஒரு புள்ளைய இடிச்சுட்டா?” என்றார்.

அந்த 95-ஐ நாங்கள் மறுத்துப் பேசவில்லை. 2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. தினமும் வீடு வீடாகப் போகிற ஒருவர், விபத்தில் கால் போனவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் நேரில் பார்க்கிறவர். அவருடைய பயத்தில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மைக்கும் ‘எனக்கு வராது’ என்ற தீர்ப்புக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. இடித்துவிடாமல் நிறுத்தக் கற்றுக்கொள்ளலாம் என்பது அந்த இடைவெளியில்தான் வரும்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டோம்: “2021-ல வேலைக்குச் சேர்ந்தப்ப, சர்க்கரை பார்க்க மத்தவங்க விரல்ல குத்துறது உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றார். பயிற்சியில் கை நடுங்கி, முதலில் தன் விரலிலேயே பலமுறை குத்திப் பழகி, அடுத்துக் கூட இருந்த தோழி விரலில் குத்தி, அதற்குப் பிறகுதான் நோயாளியிடம் போனதாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அது வேற, இது வேற” என்றார். வேறுதான். ஊசியில் வந்த நம்பிக்கை அப்படியே வண்டிக்கு மாறிவிடாது. ஆனால் ஆபத்தில்லாத இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறிய அந்த வழி இங்கேயும் செல்லும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொடுப்பது. பெரும்பாலோர் கிளப்புவதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்காவின் பயம் இடித்துவிடுவதில் இருந்ததால், கையில் முதலில் பதிய வேண்டியது பிரேக். திடலின் வடக்கு ஓரம் லேசான சரிவு. எஞ்சினை அணைத்துவிட்டு அந்தச் சரிவில் இரண்டு காலையும் தரையில் தொட்டபடி உருண்டு வரச் சொல்வோம். நாங்கள் கை தூக்கினால் நிறுத்த வேண்டும். ஆக்சிலேட்டர் வேலை செய்யாததால் வண்டி பாய வழியே இல்லை. வலது கையின் இரண்டு விரல் எப்போதும் பிரேக் லீவரின் மேல், மணிக்கட்டு தாழாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் இதுதான். மற்ற பெண்கள் எஞ்சின் போட்டு வட்டமடித்துக்கொண்டிருந்தபோது இவர் சரிவில் உருண்டு, நின்று, மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போவார்.

இரண்டாவது, வேளை. அக்கா விடியற்காலை ஐந்தரை மணிக்கு, யாரும் இல்லாதபோது கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டார். ஆரம்பத்தில் ஒத்துக்கொண்டோம். ஆனால் சிரிப்பார்கள் என்ற 70, இருட்டில் ஓட்டுவதால் குறையாது. யாரும் பார்க்காததால்தான் தப்பித்தோம் என்று மனது கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வாரமும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் எட்டு மணி வரை கொண்டுவருவது என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டோம். முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றார்.

மூன்றாவது, எங்கள் வாயைப் பற்றியது. “பயப்படாதீங்க”, “ரொம்ப ஈஸி”, “சூப்பர்” என்ற மூன்றையும் நிறுத்தினோம். ஈஸி என்று சொல்லி அது வராமல் போனால், ஈஸியானதே வரவில்லை என்ற நினைப்புதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக நடந்ததை மட்டும் சொன்னோம்: “கை தூக்குனதும் ரெண்டடியில நிறுத்திட்டீங்க.”

நான்காவது, ஒரு நோட்டு. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் என்ன ஆகும் என்று நினைக்கிறார், எண் எவ்வளவு. முடிந்ததும் என்ன ஆனது, எண் எவ்வளவு. தினமும் பி.பி. குறித்துப் பழகியவருக்கு இது கைவந்த வேலை. இரண்டாம் நாளே அவர் சொன்னதை நாங்கள் இப்போது எல்லோரிடமும் சொல்கிறோம்: “பி.பி. 160 இருந்தா நான் பேஷண்டத் திட்டுவேனா? குறிச்சுக்கிட்டு அடுத்து என்ன செய்யணும்னுதான பாப்பேன். இதையும் அப்படியே குறிச்சுக்கிறேன்.” அதுவரை தன் பயத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

மாமியார்

இது எங்கள் திட்டத்தில் இல்லாதது. இந்த நிகழ்வில் பெரிய திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஒருநாள் அக்கா வீட்டுச் சாவியை மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டார். அதை வாங்கிப்போக மாமியார் திடலுக்கு நடந்தே வந்தார். எழுபதை ஒட்டிய வயது. மருமகள் சரிவில் உருள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஓரமாகச் சாத்தியிருந்த, ஒரு பயிற்சியாளரின் சைக்கிளைக் காட்டி, “ஆத்தா, இதக் கொஞ்சம் குடு” என்றார். சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலைப் பெடலில் வைத்து இரண்டு தட்டுத் தட்டி ஏறி, திடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. மருமகள் வாயடைத்து நின்றார். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் இது அவருக்குத் தெரியாது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதன் பின்னணி புரியும். 1991-ல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் என்று பல்லாயிரம் பேர் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே பழகியவர்கள் உண்டு. குவாரி வேலைக்குப் போன இந்த அம்மா அவர்களில் ஒருவர். பிள்ளைகள் வளர்ந்து, சைக்கிளும் போய், அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் ஆகியிருந்தது.

மருமகளிடம் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சேலையை முழங்கால்வரை தூக்கி ஒரு பழைய தழும்பைக் காட்டினார். “குவாரிச் சரிவுல விழுந்தது. எங்க செட்டுல எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும்” என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977-ல், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வெல்வது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பு காட்டும் படபடப்பை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது. இதில் வலுவானது முதலாவது, தானே செய்து பார்ப்பது. வெறும் சொல்லுக்கு அந்த அளவு வலு கிடையாது. இரண்டாவது ஊற்றில் ‘தன்னைப் போன்ற’ என்பதைக் கவனிக்க வேண்டும். திடலில் அக்கா தினமும் பார்த்தது இருபத்தைந்து வயதுப் பெண்களை. அவர்கள் ஓட்டியது, “சின்னப் பிள்ளைங்க, அதுகளுக்கு வரும்” என்று அவருடைய சந்தேகத்தைத்தான் உறுதி செய்தது. அதே வீட்டில், அதே அடுப்படியில், தன்னைவிட மூத்த ஒருத்தி ஓட்டியதை அவரால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அன்றைய நோட்டில் ‘என்ன ஆனது’ என்ற இடத்தில் பிரேக் பற்றி ஒன்றும் இல்லை. “அத்தை ஓட்டினார்கள்” என்று எழுதியிருந்தார்.

எஞ்சின் போட்ட பிறகு

இரண்டாம் வாரம் எஞ்சின். இங்கே ஒரு முரண் இருக்கிறது. பயப்படுகிறவர் மெதுவாகப் போவார். ஆனால் இருசக்கர வண்டி மிக மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் ஆடும். ஆடினால் பயம் கூடும், இன்னும் மெதுவாகப் போவார். கொஞ்சம் வேகம் கொடுத்தால் வண்டி தானே நேராகும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நேர்கோட்டில் இருபதடிக்கு ஒரு செங்கல் வைத்து, அடுத்த செங்கலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டச் சொன்னோம். கண் முன்சக்கரத்தைவிட்டு எழுந்ததும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போகும்.

விழுந்த நாள்

மூன்றாம் வாரம், ஏழு மணி. வட்டமடித்துக்கொண்டிருந்தார். வேலியிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, அக்காவும் சாய்ந்தார். முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஹெல்மெட்டும் முழுக்கை ஜாக்கெட்டும் போட்டிருந்ததால் அதோடு போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

எழுந்ததும் அவர் சொன்னது: “நான் பிரேக்கே புடிக்கல. கை ஆக்சிலேட்டரைத் திருகிருச்சு. குட்டி தப்பிச்சது சாமி புண்ணியம். இது எனக்கு வராது, விட்டுருங்க.”

உடனே மறுபடி ஏறச் சொல்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கையோடு ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் ஊறிவிடும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நடந்தது என்னவென்று அவர் மனதில் தப்பாகப் பதிந்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் ஏற்றினால் அந்தத் தப்பான பதிவோடுதான் ஓட்டுவார். காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, விழுந்த இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். செம்மண் தரை. பின்சக்கரம் சுழலாமல் இழுபட்ட கோடு மண்ணில் தெளிவாக இருந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து அதைக் கையால் ஜாண் போட்டு அளந்தார். நாலு ஜாண். கோடு முடிந்த இடத்துக்கும் குட்டி கடந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடம் இருந்தது.

பிரேக் பிடித்திருக்கிறார், அதுவும் நேரத்துக்கு. வண்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே இரண்டு காலையும் தரைக்கு நீட்டி, ஹேண்டிலையும் திருப்பியதால்தான் சாய்ந்தது. அவருடைய 95, அதாவது இடித்துவிடுவேன் என்ற பயம், நிஜமாகவே சோதனைக்கு வந்த நாள் அது. அவர் இடிக்கவில்லை. ஆனால் அந்த மண்ணைப் பார்த்திருக்காவிட்டால், இடிக்கப் பார்த்த நாளாக அதைத் தன் கணக்கில் எழுதியிருப்பார். தன் மேல் சந்தேகம் உள்ளவர்களுக்கு இப்படி நடப்பதை நான் வேறு இடங்களிலும் பார்க்கிறேன். தோல்வியை மட்டும் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறோம். வென்றதைக்கூட அவர்கள் தோல்வியாகத்தான் நினைவில் வைக்கிறார்கள்.

அன்று அவர் ஓட்டவில்லை. அதே இடத்தில் வண்டியில் உட்கார்ந்து, எஞ்சின் இல்லாமல், நிற்கும்வரை காலை எடுக்காமல் இருப்பதை மட்டும் சில முறை செய்தார். இடித்துவிடுவேன் என்பதற்கு அன்று எழுதிய எண் 50. சிரிப்பார்கள் என்பதற்கு 40. பையன்கள் நிஜமாகவே சிரித்திருந்தும் அது குறைந்திருந்தது. காரணம் கேட்டேன். “சிரிச்சானுங்க, போயிட்டானுங்க” என்றார்.

எட்டு

40 வயதைக் கடந்தவர் என்பதால் மருத்துவச் சான்றும் வாங்கி இணைத்து, எல்எல்ஆர் என்கிற பழகுநர் உரிமம் எடுத்தார். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். இருசக்கர வண்டிக்குத் தேர்வு என்றால் எட்டு போடுவதுதான். கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அக்காவுக்கு இது புது மாதிரியான பயம். தேர்வு வைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால், வரிசையில் நிற்கும் ஆண்களுக்கு நடுவில். திடலில் சுண்ணாம்பால் எட்டு போட்டுப் பழகினோம். இடது பிரேக்கை லேசாகத் தொட்டபடி, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்காமல் ஒரே அளவில் வைத்து, கண்ணை அடுத்த வளைவுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அது வந்துவிட்டது. வராதது ஆள் கூட்டம். அதனால் பயிற்சிக்கு வந்த எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லி, ஒருவர் கையில் நோட்டோடு நின்று பழக்கினோம்.

முதல் தேர்வில் இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டார். தேறவில்லை. அன்று சாயங்காலம் போனில் பேசினார். எதிர்பார்த்த வார்த்தை வரவில்லை. “ரெண்டாவது வளைவுல கண்ணு இன்ஸ்பெக்டர் பக்கம் போயிருச்சு” என்றார். ‘எனக்கு வராது’ இருந்த இடத்தில் இப்போது ஒரு வளைவும் ஒரு பார்வையும் இருந்தன. அவை திருத்தக்கூடியவை. ஏழு நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பது விதி. இரண்டாவது முறை தேறினார்.

விளைவு

லைசென்ஸ் வந்த பிறகும் சில வாரம் தாய்க்கிராமத் தெருக்களில் மட்டும் ஓட்டினார். அப்புறம் அருகில் உள்ள குக்கிராமம், கடைசியாக ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பது. அரை நாள் எடுத்த நடை இப்போது காலைப் பொழுதுக்குள் முடிந்துவிடுகிறது. மாத்திரை தீர்ந்துபோனவர்கள் போன் செய்தால் அன்றே போக முடிகிறது, அதை அவர் பெருமையோடு சொல்கிறார். கணவர் வீடியோ காலில் இன்னமும் “பாத்துப் போ” என்கிறார். ஆனால் விட்டுவிடு என்று சொல்வதில்லை.

எல்லாம் மாறிவிடவில்லை. மெயின் ரோட்டைக் கடக்க வேண்டிய இடத்தில் இன்றும் எஞ்சினை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறார். இருட்டிய பிறகு எடுப்பதில்லை. பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. இதில் இரண்டை நாங்கள் பயம் என்றே கணக்கில் எடுக்கவில்லை. லாரி ஓடும் ரோட்டில் இறங்கித் தள்ளுவதும், வெளிச்சமில்லாத கரையில் இரவில் போகாமல் இருப்பதும் நல்ல முடிவுகள். பின்னால் ஆள் ஏற்றாதது மட்டும் பயிற்சிக் குறை, அதைச் சொல்லிக்கொடுக்காமலே அனுப்பிவிட்டோம்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண்கள் 20-க்கும் 30-க்கும் இடையில் நிற்கின்றன. பூஜ்யம் ஆகவில்லை. பயம் போன பிறகு அவர் வண்டி எடுத்தார் என்று சொல்ல முடியாது. எண் 70-லும் 50-லும் இருந்தபோதே எடுத்தார், எடுத்ததால்தான் இறங்கியது.

அடுத்த முறை மாற்றுபவை

இந்த ஒருவரிடம் பலித்தது எல்லோரிடமும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். வண்டி வீட்டிலேயே இருந்தது, வேலைக்கு அது தேவையாகவும் இருந்தது, காலையில் வர நேரமும் இருந்தது. பெரிய விபத்தில் சிக்கி, வண்டிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் திடல் போதாது. அவர்களை மனநல மருத்துவரிடமோ, அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-க்கோ முதலில் அனுப்ப வேண்டும்.

எண் போடச் சொல்லும் அந்த உரையாடலை இனி முதல் நாளே வைக்கிறோம். பை பிடித்துக்கொண்டும் டீ ஊற்றிக்கொண்டும் போகும் நாள்கள் அதனால் மிச்சமாகும். மூத்த பெண்களைத் தேடிப் பிடித்துத் திடலுக்கு அழைப்பதும் தொடங்கியிருக்கிறது. அறிவொளிக் காலத்தில் சைக்கிள் கற்றவர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், யாரும் கேட்காததால் அவர்கள் சொல்வதில்லை. மகனோ கணவனோ சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டால் தடுப்பதில்லை. ஆனால் முதல் வாரம் எஞ்சின் போடக் கூடாது, வண்டி ஓடும்போது கத்தக் கூடாது என்ற இரண்டையும் அவர்களிடமும் சொல்லி அனுப்புகிறோம். பின்னால் ஆள் வைத்து ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி சேர்த்தாயிற்று. அதில் முதல் பெயர் அக்காவுடையது. பின்னால் உட்காரப்போவது மாமியார்.